ஏழாம் வினாவுக்குக் கீழே

குருமண்வெளித் துறையில்
பாதை புறப்படவும் மழை தொடங்கிற்று.
பாதை என்றால் எங்களுக்கு நகர்வது:
இரும்பு மிதவைகள், மேலே பலகை,
நாலு மோட்டார் சைக்கிள், ஒரு பசுக்கன்று.
என் பையில் அளவையியல் விடைத்தாள் முப்பத்தொன்று,
பொலித்தீனுக்குள் பொலித்தீனாய்ச் சுற்றியபடி.

ஏழாம் வினா நான் போட்டது.
கடவுளின் இன்மையைக் கருத இயலுமா?
காரணம் காட்டுக. எட்டுப் புள்ளி.
போட்ட இரவு எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமை.

இயலும் என்று பதினொரு பேர்.
இயலாது என்று பதினெட்டு.
ஒருவன் மட்டும் "வரைவிலக்கணத்தைப் பொறுத்தது" என்று
என் வாயையே எனக்குத் திருப்பித் தந்திருக்கிறான்.
வெல்லாவெளியிலிருந்து வரும் நிரோஜிதா
அடிமட்டம் வைத்து ஓரக்கோடு கீறி
ஏழு என்று எழுதி, வட்டமும் போட்டு,
அதற்குக் கீழே
ஒன்றும் எழுதவில்லை.
மற்றெல்லா வினாவுக்கும் தாள் போதாமல் எழுதியவள்.

நடு வாவியில் படுவான்கரை மறைந்தது.
சரி, கருதித்தான் பார்ப்போமே.
முதலில் மண்டூர்க் கோயிலை எடுத்தேன்.
அங்கே வாய்கட்டித்தான் பூசை,
திரைக்கு முன்தான் கும்பிடு,
எடுப்பதற்கு அதிகம் இருக்கவில்லை.
பிறகு துறையடி மரம், தேநீர்க் கடை,
கடைசியாகக் கரை.
எல்லாம் எடுத்தாயிற்று.
பாதை இன்னும் போய்க்கொண்டிருந்தது,
எடுத்த இடத்தை நோக்கி.

இரண்டு கரை இருந்தால்தான் வாவி.
ஒன்றை அழித்தால் அதன் பெயர் கடல்.
அந்த மார்கழிக்குப் பிறகு
அந்தப் பெயர் எங்கள் வாயில் இலகுவாய் வருவதில்லை.
ஆகவே அக்கரை இல்லாத வாவியைக் கருத இயலாது
என்று கரும்பலகையில் எழுதலாம்,
பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள்.
ஆனால் வரைவிலக்கணத்தில்
யாரும் கால்வைத்து இறங்கியதில்லை.

பிளாஸ்டிக் வாளிகள் கட்டிய சைக்கிளோடு
காத்தான்குடி உதுமாலெப்பை நின்றிருந்தார்.
"என்ன ரீச்சர் யோசின?"
சொன்னேன். சிரிக்கவில்லை.
"இல்ல எண்டுதான் எங்கட கலிமாவே தொடங்குது.
மறுகாத்தான் மிச்சம்.
நடுவில மூச்ச விட்டு நிக்கப்படாதெண்டு
உம்மா சொல்லித் தந்தவ."
நின்றால்?
"நிண்டு பாத்ததில்ல" என்று
வாளிக் கயிற்றை இறுக்கினார்.
அது ஏற்கெனவே இறுக்கமாய்த்தான் இருந்தது.

இல் என்றால் வீடு.
இல் என்றால் உள்ளே: வாவியில், மழையில், பையில்.
இல் என்றால் இல்லை.
இல்லாததைச் சொல்லவும் என் மொழியில்
ஒரு வீட்டு வாசலால்தான் போகவேண்டியிருக்கிறது.
இது வாதமல்ல, சொல்லின் தற்செயல்.
மாணவர் யாரும் எழுதினால் புள்ளி கொடுக்க மாட்டேன்.

பிழையான விடைக்குப் பூச்சியம்,
எழுதாத விடைக்கு வெறும் கோடு.
இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.
நிரோஜிதாவின் வெற்றிடம் எது?
தெரியாமையா, மணி அடித்துவிட்டதா,
அல்லது கருதிப் பார்த்து
கருதியதை அப்படியே தாளில் வைத்துவிட்டாளா?
அப்படியென்றால் எட்டும் அவளுக்கே.
அப்படியென்றால் அந்த ஓரக்கோடு எதற்கு?

கன்று கத்தியது.
இரும்பு எதிலோ மோதியது.
கரை என்றார்கள்.
கண்ணுக்குத் தெரியுமுன் காலில் சேறு.
இதுவும் நிரூபணமல்ல,
மோதாமலும் போயிருக்கலாம்.

மேட்டில் ஏறித் திரும்பினேன்.
குருமண்வெளி இல்லை.
துறை இல்லை, காலையில் நான் பூட்டிய கதவு இல்லை,
வெள்ளையாய் மழை.
வந்த கரையை மட்டும்
வழி நெடுக ஒரு கணமும் நான் சந்தேகிக்கவில்லை.
ஏன் என்று
எட்டுப் புள்ளிக்கு யாராவது கேட்டால்
நானும் அடிமட்டம் வைத்து
ஒரு கோடு கீறுவேன்.